நூறு மில்லிமீட்டர்

அஸ்திவாரக் குழியில் மூன்று நாள் மழைத்தண்ணீர்.
வாளியால் இறைத்துக்கொண்டிருந்தேன்.
மேட்டில் வந்து நின்றன ஒரு ஜோடி பச்சை ரப்பர் காலணிகள்.
அவற்றுக்கு மேலே பெவன்,
கவுன்சிலின் கட்டட ஆய்வாளர்.
கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தார்,
வேலியோரத்து வில்லோ மரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை.
"இன்னும் அரை மீட்டர்."

மரம் குடிக்கும், களிமண் சுருங்கும்,
சுவர் வாய் பிளக்கும்.
மரத்தின் தாகத்துக்கும் சேர்த்து
நான்தான் தோண்டினேன்.

கார்டிகன் விரிகுடாக் காற்று முட்டும் இந்தச் சரிவில்
மூன்று குளிர்காலம் கேரவனில் படுத்தோம்,
மெயினிரும் நானும் ஈர நாய் வாடையும்.
எங்களிடம் நாய் கிடையாது.
பகலில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுவேன்.
இரவில் அவள் விதிப்புத்தகம் படிப்பாள்,
கடன்காரன் கடிதத்தைப் படிப்பதுபோல,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

வாசல் திறப்பு எழுநூற்று எழுபத்தைந்து.
சக்கர நாற்காலி நுழைய.
நம்மிடம்தான் இல்லையே என்றேன்.
"இன்னும் இல்லை" என்று பக்கத்தைத் திருப்பினாள்.

மாடிக் கைப்பிடி மட்டும் முழுக்க என்னுடையது.
ஆஷ் மரம். நாற்பத்தொரு கடைசல் கம்புகள்.
விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பெவன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தார்.
மஞ்சள் மரப்பந்து, விட்டம் நூறு மில்லிமீட்டர்.
முதல் இடைவெளியில் வைத்து அழுத்தினார், நின்றது.
அடுத்ததிலும் நின்றது.
ஏழாவதில் ஒரு கணம் தயங்கி
அந்தப் பக்கம் போய்விட்டது.

கீழே கூடத்தில், வெறுங் கான்கிரீட்டில்
ஒரே ஒரு சத்தம்.

நூற்று நான்கு. ஒன்றேகால் நூல் பிசகு.

இந்த வீட்டில் குழந்தை இல்லை என்றேன்.
இனி வராது என்பதைச் சொல்லவில்லை,
மெயினிர் பின்னால் நின்றாள்.
பெவன் இறங்கிப் போய்ப் பந்தை எடுத்து
சட்டையில் துடைத்தார்.
"விற்பீர்கள். இல்லாவிட்டால் செத்துப்போவீர்கள்.
யாராவது வருவார்கள்."

அவர் கார் வளைவு திரும்பும்வரை பொறுத்திருந்து
நான் கத்தினேன்.
மெயினிர் கத்தவில்லை. மண்டியிட்டு
அந்த ஏழாவது இடைவெளிக்குள்
கைமுட்டியை விட்டாள், எடுத்தாள், விட்டாள்.
பிறகு முழங்கை வரைக்கும்.
நெடுநேரம் அப்படியே இருந்தாள்.
எழுந்துபோய் உளியைக் கொண்டுவந்து
என் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை, ஓட்டுநர் கண்ணாடியில்
முப்பது தலைகள்,
தொப்பி போட்டவை, சீவாதவை, தூங்கி வழிபவை.
எதுவும் அந்த இடைவெளியில் நுழையாது.
இவற்றைவிடச் சின்ன தலை ஒன்று
எங்கோ, எப்போதோ
நுழைந்த பிறகுதான் யாரோ உட்கார்ந்து
அந்த எண்ணை எழுதியிருக்க வேண்டும்.
கை நடுங்காமலா எழுதியிருப்பார்?
சிக்னல் பச்சையானதைப் பின்னால் வந்த
பால்வண்டிக்காரர்தான் சொன்னார்.

கம்புகள் நாற்பத்துமூன்று ஆயின.

பிப்ரவரியில் நிறைவுச் சான்றிதழ் வந்தது.
அன்றிரவே சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.
கொட்டுகிற மழை.
தாழிடாமல் இருந்தது படுக்கையறை ஜன்னல் ஒன்றுதான்.
தீ பிடித்தால் ஓர் ஆள் வெளியேற
நானூற்றைம்பது அகலத்தில் கேட்டது விதி,
ஒரு மில்லிமீட்டர் கூடத் தராமல் வைத்திருந்தேன் நான்.
விதி நினைத்து வைத்திருந்த ஆள்
என்னைவிட ஒல்லி.

பாதி வீட்டுக்குள், பாதி மழையில்
வயிறு மாட்டிக்கொண்டு கிடந்தேன்.
பின்னாலிருந்து தள்ளினாள் மெயினிர்.
"தீப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்!"
"அப்படியானால் எதற்கு உள்ளே போகிறேன்?"
அந்தச் சரிவில் அவள் அப்படிச் சிரித்து
நான் கேட்டதில்லை.

மரத்தூள் வாசனைமேல் விழுந்தேன்.
இருட்டில் தடவிப் போய்
முன்கதவைத் திறந்தேன்.
சொட்டச் சொட்ட நின்றவள்
நகரு என்றாள்.
நகரவில்லை, வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

எழுநூற்று எழுபத்தைந்தில்
இரண்டு பேர் ஒன்றாக நுழைவது பற்றிப்
புத்தகத்தில் எதுவும் இல்லை.
நுழைந்தோம்.
தோள் இடித்தது.