தானாக விழுந்தது

அசல் வழக்கு எண் இருநூற்றுப் பதினான்கு.
வாதி திம்மராயன், பிரதிவாதி கெம்பக்கா.
காவேரிப்பட்டணம் தாண்டி, வாய்க்காலுக்குத் தெற்கே
ஒரு செந்தூரா மரம்.
வேர் அவன் பட்டாவில்.
மூன்று கிளை அவள் வானத்தில்.

விழுந்த பழம் யாருக்கு என்று
கிருஷ்ணகிரி உரிமையியல் நீதிமன்றத்தில்
ஒன்பது வருஷமாக வாதாடுகிறேன்,
கெம்பக்காவுக்காக.

இதே கேள்வியில் ஆயுளைப் போட்டவர் ஒருவர் உண்டு.
எதியேன் லெரமி.
புதுச்சேரியில் சட்டம் படித்தபோது
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்,
குக்கர் மூடிகளுக்கும் சைக்கிள் செயின்களுக்கும் நடுவே
அவருடைய இரண்டாம் பாகம் கிடந்தது.
நாற்பது ரூபாய்.
முதல் பாகம் வரவேயில்லை என்றான் கடைக்காரன்.
அட்டையை எலி ஏற்கெனவே அனுபவ பாத்தியத்தில் எடுத்திருந்தது.

அகராதியும் கையுமாக ஒரு மழைக்காலம்.
முன்னுரையில் யாரோ மாணவர் சொல்கிறார்:
உப்புவரிக் குமாஸ்தாவின் மூன்றாம் பிள்ளை.
முப்பத்திரண்டில் பேராசிரியர் நாற்காலி,
நாற்பத்தொரு வருஷம் அதே நாற்காலி.
மூன்று அமைச்சர்கள் ஆலோசனை கேட்டார்கள்;
ஒருவர் கேட்டபடி செய்தார்.
இத்தாலியிலும் எகிப்திலும் நீதிபதிகள்
அவர் வாக்கியங்களைத் தீர்ப்புக்குள் பதித்தார்கள்,
சிலர் பேர் போட்டு,
பலர் போடாமல்.
மனைவிக்கு ஒரு வரி:
'பார்வை மங்கிய பின் அவருக்குப் படித்துக் காட்டியவர்.'
அவள் பேர் இல்லை.

அந்த நாட்டுச் சட்டம் சொல்வது இது:
எல்லை தாண்டிய கிளையிலிருந்து
தானாக விழுந்த பழம் பக்கத்து நிலக்காரருக்கு.
மற்ற அறிஞர்கள் 'பக்கத்து' என்ற சொல்லில் நின்றார்கள்.
லெரமி 'தானாக' என்பதில் நின்றார்.
அறுபத்தெட்டுப் பக்கம் நின்றார்.
காற்று உலுக்கினால் அது தானாகவா?
பறவை கொத்தினால்?
சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால்?

கெம்பக்காவைக் கேட்டேன்.
"காத்து அடிச்சா விழுதுங்க.
அடிக்காட்டியும் விழுதுங்க.
நான் தொரட்டியே எடுத்ததில்லைங்க."
பஸ் வரும்வரை யோசித்துவிட்டு,
"ஒரு வருசம் எடுத்தனுங்க.
மகளுக்கு மசக்கை."

வாதத்தில் லெரமியைச் சொன்னேன்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியோட நின்னுட்டாம்மா.
இது கிருஷ்ணகிரி."
ஹால் சிரித்தது.
திம்மராயனின் வக்கீல் அன்வர் பாஷா சிரிக்கவில்லை.
இடைவேளையில் டீ வாங்கித் தந்து மெல்லக் கேட்டார்:
"அந்த அறுபத்தெட்டுப் பக்கத்துல
எனக்குச் சாதகமா ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. சொல்லவில்லை.
பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு, அடிக்குறிப்பு:
'முதல் பதிப்பில் காற்றை நிரபராதி என்றேன்.
இப்போது அத்தனை உறுதியாகச் சொல்லமாட்டேன்.
தண்ணீர் ஊற்றிய கைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.'
அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு.
எழுத்து தெரியாத கண்.
அவர் சொல்ல யாரோ எழுதிய வரி.
அந்த அம்மாள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாளா,
அல்லது வரியே அவளுடையதா,
சாட்சி இல்லை.
குறுக்கு விசாரணைக்கு வழியும் இல்லை.

ஆனி மாதம் தோறும் கெம்பக்கா
ஒரு உரச்சாக்குப் பை நிறையக் கொண்டுவருவாள்.
ஃபீஸில் கழித்துக்கொள்ளச் சொல்வாள்.
எந்தக் கிளை என்று நான் கேட்டதில்லை.
வழக்குச் சொத்து என்று தெரிந்தே
சாறு முழங்கை வழிய, கட்டுகளை ஒதுக்கி வைத்துத்
தின்றிருக்கிறேன்.

போன தையில் சாலையை அகலப்படுத்த வந்தார்கள்.
மரத்தில் சிவப்பு பெயின்டில் ஒரு எண்,
மறுவாரம் மரம் இல்லை.
பணம் கோர்ட்டில் கட்டப்பட்டிருக்கிறது.
இழப்பீடு வேருக்கா, கிளைக்கா?
இடைக்கால மனு நிலுவையில்.
திம்மராயனும் கெம்பக்காவும்
இப்போது ஒரே பஸ்ஸில் வாய்தாவுக்கு வருகிறார்கள்,
பேசிக்கொள்வதில்லை, டிக்கெட் மட்டும்
முதலில் ஏறுகிறவர் எடுத்துவிடுகிறார்.

வெட்டிய மரத்தைப் பற்றி
இரண்டாம் பாகத்தில் ஒன்றும் இல்லை.
முதல் பாகத்தில் இருக்கலாம்.
புதுச்சேரி போகிற ஜூனியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.