நாக்கடி மாத்திரை

பத்து நிமிடம் பேசக் கூடாது.
விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது.
நர்ஸ் சுவர்க்கடிகாரத்தைக் கண்ணால் காட்டிவிட்டு
அடுத்தவரின் நோட்டில் தேதி போடுகிறார்.
நாக்குக்கு அடியில் கசந்து கரைகிறது
இன்றைக்கு உண்டான பங்கு.

அதன் பேர் எனக்கு வாயில் நுழையாது.
'பு'வில் தொடங்கும், அதற்குமேல் வழுக்கும்.
நாக்கடி மாத்திரை என்றால்
நீடாமங்கலத்தில் ஏழே காலுக்கு பஸ் ஏறி
தஞ்சாவூர் வருகிற எங்கள் நாலு பேருக்கும் புரியும்.

சரியாக இந்தப் பத்து நிமிடத்தில்தான்
யாராவது எதையாவது கேட்பார்கள்.
நேற்று மச்சான் கண்ணையன் துணைக்கு வந்திருந்தான்.
"அந்த மாத்திரையை விட இந்த மாத்திரையா?
பேயை ஓட்டப் பூதத்தைக் கூட்டி வந்த கதையா இருக்கு.
எப்பதான் சும்மா இருப்ப?"

கண்ணையா, நான் லஸ்கர்.
வெண்ணாற்றுக் கிளையில் ஐந்து ஷட்டர் என் பொறுப்பு.
மேலே வெள்ளம் ஏறி வருகிற ராத்திரி
ஐந்தையும் இறக்கிப் பூட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் எவனாவது உண்டா?
விடியும்போது கரை இருக்காது.
நாலு விரல் தூக்கி வைக்கணும்.
போகிற தண்ணீர் போனால்தான்
நிற்கிற தண்ணீர் நிற்கும்.

சொல்லியிருப்பேன்.
கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.
ஆறும் முடிவதற்குள்
அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

துருப்பிடித்த ஐந்தாம் ஷட்டரைத் திருகிய வருஷம்
முதுகுக்காகத்தான் வாங்கினேன்.
முதுகு சரியாயிற்று.
பிறகு பம்ப்செட் கொட்டகையில் சித்ரவேலுவோடு,
பிறகு பொடித்து, தண்ணீரில் கரைத்து,
பிறகு ஊசி.
அவன் எழுந்திருக்காத அன்று
அவன் சட்டைப்பையில் மிச்சமிருந்த அட்டையை
எடுத்துக்கொண்ட பிறகுதான்
ஆள் கூப்பிட ஓடினேன்.

இதை ஜெனிட்டா மேடத்திடம் சொல்ல
ஏழு வாரம் பிடித்தது.
பேனாவை மூடி வைத்தார்.
பரவாயில்லை என்று சொல்லவில்லை.
அட்டையில் எத்தனை இருந்தது என்று கேட்டார்.
நாலு.
"நாலு" என்று அவரும் ஒருமுறை சொன்னார்.
அன்றிலிருந்து அந்த நாலை
இரண்டு பேர் தூக்குகிறோம்.

முதல் வாரம் மூக்கு ஒழுகியது,
கணுக்கால் எலும்புக்குள் கட்டெறும்பு ஊர்ந்தது.
மாத்திரை ஏற ஏற அது அடங்கிற்று.
தூக்கம் வந்தது. பசி வந்தது.
பழையசோற்றின் புளிப்பு நாக்கில் பட்டது.
வெட்கம் மட்டும்
கடைமடைக்குப் போகிற தண்ணீர் மாதிரி
எல்லா வயலும் குடித்தபிறகு வந்து சேர்ந்தது.
வந்தபோது வரப்பு தெரியாமல் வந்தது.

புயல் எச்சரிக்கை விட்ட ராத்திரி ஒன்றில் தவறினேன்.
என் நோட்டில் ஒரு கட்டம் காலி.
மறுநாள் அதைப் பற்றி நர்ஸ் எதுவும் பேசவில்லை,
டாக்டரிடம்தான் அனுப்பினார்.
அவர் என் கண்மணியை டார்ச் அடித்துப் பார்த்து
எப்போது, எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு
அடுத்த கட்டத்தில் எழுதச் சொன்னார்.
காலிக் கட்டம் அங்கேயே இருக்கிறது.

போன் அடிக்கிறது. கோமளா.
எடுத்துக் காதில் வைக்கிறேன்.
"மாத்திரை வாயில இருக்கா? பேசாத, நான் பேசுறேன்.
ஆட்டுக்குட்டி நாத்தங்கால்ல பூந்துடுச்சு.
சிலிண்டர்காரன் முப்பது ரூவா கூடக் கேக்குறான்,
படியேத்தக் கூலியாம்.
நம்ம வீட்டுக்கு ஏது படி?"

போன வருஷம் இதே பெண்
பதினோரு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.
சோற்றுத்தட்டு தரையில் உரசுகிற சத்தம்தான்
எங்களுக்குள் நடந்த பேச்சு.

முள் பத்தைத் தாண்டிவிட்டது.
நர்ஸ் தலையசைக்கிறார், போகலாம்.
நாக்கைப் புரட்டிப் பார்க்கிறேன்,
அடியில் ஒன்றும் இல்லை.
இப்போது பேசலாம்.

அவள் இன்னும் சிலிண்டர்காரனை விடவில்லை.
நான் வராந்தாவில் நின்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.