நிமிடத்துக்கு இருபது

தேதி போன டிரிப் செட் பதினொன்று,
உறைகூடப் பிரிக்காதவை.
மருந்துக் கடை ஜெயவேலு சும்மா கொடுத்தான்.
"யாருக்குக்கா ஏத்தப் போறீங்க?"
"கத்திரிக்கு."
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

கிச்சிப்பாளையத்துக்கு மேட்டூர்த் தண்ணீர்
ஆறு நாளைக்கு ஒரு தடவை,
அதுவும் நான் இரவு டூட்டிக்குக் கிளம்பிய பிறகு.
மற்ற நாளெல்லாம் போர்த் தண்ணீர்.
காய்ச்சினால் குண்டானின் அடியில்
ஒரு வெள்ளைக்கல் மலை.

மாடிச் சுவர் நெடுக உடைந்த கட்டில் சட்டம்,
அதில் தலைகீழாக
அடி அறுத்த கடலெண்ணெய் பாட்டில்கள்.
பினாயில் பாட்டில் மட்டும்
எத்தனை கழுவியும் வாசம் விடவில்லை.
அதை அரளிக்கு மாட்டினேன்.
அரளி எதையும் குடிக்கும்.

மாதேஷுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை.
பூவாளிக்கு மூடியில் நாலு ஓட்டை போடு என்றால்
ஊசியைக் காய்ச்சிக்கொண்டு
முக்கால் மணி நேரம் குனிந்தே இருந்தான்.
பார்த்தால்
மாங்காய் டிசைன்.
தண்ணீர் மாங்காயாக விழவில்லை.
ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்
கீழ்வீட்டு ரெஜினா டீச்சர் காயவைத்த
ஜவ்வரிசி வடகத்தின் மேல் விழுந்தது.
அன்றைக்குப் படியிறங்கும்போதெல்லாம்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

சக்கரத்தை உருட்டி, குழாயை இறுக்கி,
கடிகாரம் பார்த்து எண்ணினேன்.
கத்திரிக்கு நிமிடத்துக்கு இருபது சொட்டு.
தக்காளிக்கு முப்பது.
கறிவேப்பிலை வயசான கேஸ்,
பத்துக்கு மேல் தாங்காது.
குமிழ் நின்ற இடத்தில் நகத்தால் சுண்டினேன்.
காற்றில் மிளகாய்ச் செடி கிளையைத் திருப்பியது.
வாய் தானாகச் சொன்னது:
கையை மடக்காதீங்க.

மூன்றாம் நாள்
உப்பு அடைத்து ஐந்து குழாய் நின்றுபோனது.
எலுமிச்சை பிழிந்த சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன்.
இரண்டு பிழைத்தன.

இரவு பதினாலாம் படுக்கையில்
ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து ஆள்,
மூன்று மணியாகியும் தூங்காமல்
மேலே தொங்கும் பாட்டிலையே பார்த்துக் கிடந்தார்.
"எத்தனை சொட்டும்மா விடறீங்க?"
"இருபது."
கொஞ்சம் யோசித்தார்.
"நாத்துக்குப் போதும்" என்று
கண்ணை மூடிக்கொண்டார்,
கையை மடக்காமல்.