இரண்டு மெக்ஃபால்கள்

மே மாதத்தின் கடைசித் திங்கள்.
ஃபேயட்வில்லுக்குத் தெற்கே, இரும்புக்கடையின் பின்புறம்
கார்கள் நிற்கும் இடத்தில் தார் இளகுகிறது.
கம்பளிக் காலுறைக்குள் என் கால்கள் வேகின்றன.
மழைநாட்டுக்கென்று தைத்த உடை இது.
கரோலினாவில் கொசுவுக்கு மட்டும் பிடித்திருக்கிறது.

எதிர் மூலையில் சிறுகுழல் கோஷ்டி:
முக்கோணத் தொப்பி, நீலக் கோட்டு,
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறிலிருந்து நேரே
வேனில் வந்து இறங்கியவர்கள்.
அன்று இந்தக் கோட்டு சுட்டது எங்களைத்தான்,
அரசன் பக்கம் நின்ற மலைநாட்டுக்காரர்களை.
இன்று ஒரே டோனட் பெட்டிக்குள் கை விடுகிறோம்.
சுதி மட்டும் சமாதானம் ஆகவில்லை.
அவர்கள் குழல் ஓரிடத்தில் நிற்க
எங்கள் பை அதற்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது.
நடுவில் ஒரு தீயணைப்பு வண்டியையாவது விடுங்கள் என்று
எங்கள் தலைவர் கில்ஃபில்லன்
ஊர்வலக் கமிட்டியிடம் மன்றாடுகிறார்.

அவர் தோளில் மூன்று ஒத்துக்குழல்கள்.
ஒத்து ஊதுகிறவன் என்று எவ்வளவு எளிதாக ஏசிவிடுகிறோம்.
ஒரே சொல்லை மூச்சு முறியாமல் பிடித்து நிற்பது
என்ன பாடு என்று
அந்தக் கழுத்து நரம்பைக் கேட்க வேண்டும்.

நான் பக்க மேளம்.
வார நாட்களில் மாவட்ட ஆவண அறை.
பெரிய முரசு லெமுவல்.
ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர்.
அவரும் மெக்ஃபால், நானும் மெக்ஃபால்.
அவர் கறுப்பர்.
நான் வெயில் பட்டால் சிவந்து தோலுரியும் ரகம்.
முதல் ஒத்திகையில் யாரோ கேட்டார்கள், சொந்தமா?
"பழைய கணக்கு" என்றார்
முரசின் தோள்வாரை இறுக்கியபடி.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

கணக்கு போன மாதம் கையில் அகப்பட்டது.
வரிப் பேரேடு. பூச்சி தின்ற விளிம்பு.
குழலூதிக்கொண்டே கப்பலிலிருந்து இறங்கினார் என்று
எங்கள் வீட்டில் நன்றி நவிலும் நாள்தோறும்
வான்கோழிக்கு முன் பேசப்படுகிற
டூகல்ட் மெக்ஃபாலின் பெயருக்கு நேரே
குழல் எதுவும் இல்லை.
பசு இரண்டு.
பெட்டைக் குதிரை ஒன்று.
பையன் ஒன்று.

ஒருவன் இல்லை. ஒன்று.
பசுக்களுக்கு நிறம் எழுதியிருந்தார்கள்.
பையனுக்குப் பெயர் எழுதவில்லை.

நகலெடுத்து, நான்காய் மடித்து
இடுப்பில் தொங்கும் தோல்பைக்குள் வைத்திருந்தேன்.
காதடைப்பான், கார் சாவி, அது.
மூன்று வாரம்.

இன்று கொடுத்தேன். ஏன் இன்று என்று தெரியவில்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.
குதிரையில் ஒரு கணம் நின்றார்.
"ஷாட்ரக்" என்றார்.
"எங்கள் பைபிளின் கடைசித் தாளில் இருக்கிறான்.
கேலிக் பேசுவானாம்.
உங்கள் கிழவனைவிடச் சுத்தமாகத் திட்டுவானாம்."

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம்
டோனட் சர்க்கரைபோல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
அதற்காக அவர் காத்திருக்கவும் இல்லை.
"வரிசைக்கு வா" என்றார்.

பாலத்தைத் தாண்டும்போது வெக்கையில் சீவாளிகள் பிசகின.
ஒரு குழல் ஆட்டுக்குட்டியாய்க் கத்தியது,
இன்னொன்று பதில் சொன்னது.
கில்ஃபில்லன் கையை உயர்த்தினார்.
ஏழு பைகளும் ஒன்றன்பின் ஒன்றாய்
வயிறு ஒட்டி அடங்கின.

முரசு நிற்கவில்லை.
அதன் அடியில்தான் இடது கால் விழ வேண்டும்.
எங்கள் குழுவில் எழுதிவைத்த ஒரே சட்டம்.
விழுகிறது.
வீரர்களின் கல்லறைக்கு இன்னும் அரை மைல்.
தெருவோரம் மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள்
எதற்கென்று தெரியாமல் எழுந்து நிற்கிறார்கள்.

லெமுவலின் காலுறை மடிப்பில்
கத்தி செருகும் இடத்தில்
ஒரு வெள்ளைத் தாளின் முனை.
பார்த்துவிட்டேன். ஒரு அடி தவறிவிட்டது.

அவர் திரும்பவில்லை.
அடுத்த அடியைக் கொஞ்சம் பலமாகப் போட்டார்.