பத்துக்கு மூன்று

யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும்:
தோ பாயோ மார்க்கெட்டில் இரண்டாம் மாடிக்குப் போ,
பன்றி விலா சூப்புக்கும் தவளைக் கஞ்சிக்கும் நடுவே
ஆறு குழாய் வைத்த ஒரு கடை.
டெஸ்மண்ட் முன்பு கப்பல் பட்டறையில் வெல்டர்.
இன்றும் குழாயைத் திறக்கும்போது
முகத்தைக் கொஞ்சம் விலக்கிக்கொள்வான்.

முதலில் கோதுமை பியர் கேள்.
கலங்கல்தான், பயப்படாதே,
வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த வாசம்.
கசப்பு வேண்டுமென்றால் மூன்றாம் குழாய்:
நெல்லிக்காய் தின்றபின் குடித்த தண்ணீர்போலத்
தாமதமாக இனிக்கும்.
பாண்டானும் குலா மலாக்காவும் போட்டுக் காய்ச்சிய கறுப்பு
ஒரு கிளாஸ் போதும், இரண்டாவது பாயசம்.
ஆறாம் குழாயை மட்டும் தொடாதே

என்றுதான் மார்ச் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.
எல்லாம் நோட்டில் இருக்கிறது.
எட்டு வருடம், நானூற்றுப் பதினேழு பியர்,
பெயர், தேதி, பத்துக்கு எத்தனை.
பகலெல்லாம் ஆய்வகத்தில் தண்ணீரை முகர்ந்து
"வாசம் இல்லை" என்று கையெழுத்துப் போடுகிறவளுக்குச்
சாயங்காலம் வேறென்ன வேண்டும்?

குணசுந்தரியை அழைத்துப் போனது என் அகம்பாவம்.
காய்ச்சல் வந்து போனதிலிருந்து
பதினாறு மாதமாய் அவள் மூக்கு செத்திருந்தது.
அதே ஆய்வகம்,
ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.
சோறு பஞ்சு, காப்பி சுடுதண்ணீர்.
கேஸ் கசிந்தாலும் தெரியாதே என்று
தூங்குமுன் மூன்று முறை குமிழைத் தொட்டுப் பார்ப்பாள்.
நான் தேர்ந்தெடுத்தால் தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.
பழந்தமிழில் தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பேர்.
அதைக்கூட அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

டிஷ்யூ பாக்கெட் வைத்துப் பிடித்த மேசை.
மேலே ஒரு மின்விசிறி, எங்களைத் தவிர எல்லோருக்கும் சுற்றியது.
கோதுமைக்கு "குளிர்" என்றாள்.
மூன்றாம் குழாய்க்கு, "கசப்பு. அதுக்கப்புறம் சுவர்."
கறுப்புக்கு ஒன்றும் சொல்லவில்லை,
நுரையை விரலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.
நான் நோட்டை மூடிவிட்டேன்.
தட்டெடுக்கும் ஆன்ட்டி வந்து
முடிந்ததா என்று கையால் கேட்டார்.

டெஸ்மண்ட்தான், யாரும் சொல்லாமலே,
ஆறாம் குழாயில் அரைக் கிளாஸ் பிடித்து வைத்தான்.
புகையில் வாட்டிய மால்ட்.
என் நோட்டில்: "எரிந்த தாம்புக்கயிறு. பத்துக்கு மூன்று."

உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.
மறுபடி முகர்ந்தாள்.
திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்,
யாரோ எதையோ கொளுத்துகிறார்களா என்று.
"ஏழாம் மாசமா இப்ப?"
இல்லை, மார்ச்.
"புளோக்குக்குக் கீழ தகர டிரம்முல
காகிதப் பணம் எரிப்பாங்களே,
அது வருதுடி."

பிறகு மேசையில் இருந்த அத்தனையையும் முகர்ந்தாள்.
சில்லி சாஸ் வரவில்லை,
பிழிந்த எலுமிச்சை வரவில்லை,
என் மணிக்கட்டு வரவில்லை.
புகை மட்டும்.
அதை விட்டுவிடாமல் இன்னொரு கிளாஸ் கேட்டாள்,
காயப்போட்ட துணியில் சாம்பல் ஒட்டுகிறதென்று
வருடம் தவறாமல் நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறவள்.

ரயிலில் சட்டைக் கையை மூக்கில் வைத்தபடியே வந்தாள்.
பிராடலில் கதவு திறந்தபோது
"போயிடுச்சு" என்றாள். பீஷானில்
"இல்ல, இருக்கு."

மூன்றை நான் அடித்துத் திருத்தவில்லை.
எனக்கு அது இன்றைக்கும் கயிறுதான்.
பக்கத்தில் அவள் பேனா வாங்கி
எண் எதுவும் போடாமல் எழுதியிருக்கிறாள்,
ஆய்வறிக்கைக் கையெழுத்தில்: "வாசம் உண்டு."

ஆகவே, ஆறாம் குழாய்.
முதலில் அதையே கேள்.
பிடிக்காவிட்டால் என்னைத் திட்டாதே,
சனிக்கிழமை என்றால் ஏழு மணிக்குள் போ,
தீர்ந்துவிடும்.