பதினோராவது வளைவு

பகலில் ஐந்து ரோட்டில்
சித்தையன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடையில்
காதுகுத்துக்கு வாழ்த்தும் மாமன்மார்களின்
கண்ணுக்குக் கீழே கருவளையம் அழிக்கிறேன்.
ராத்திரி செவ்வாய்ப்பேட்டை மாடியறையில்
அழித்ததையெல்லாம் எடுத்து
செங்கோடனுக்குப் போடுகிறேன்.

செங்கோடன் நான் வரைகிற கண்டக்டர்.
ஏற்காட்டுக்குப் போகும் கடைசி பஸ்.
முந்தின வருஷம் புரட்டாசிக்கும் முந்தின புரட்டாசியில்
அடிவாரத்தை விட்டது.
இது மூன்றாவது மார்கழி.
வண்டி பதினோராவது வளைவில் நிற்கிறது.
வியாழன்தோறும் ஒரு பக்கம்,
ஆறு கட்டம், முடியாத வாரம் நாலு.
கீழே பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் மணிமாறன்
தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் கேட்பான்,
"என்னங்க, வண்டி நகந்துச்சா?"
"கிளட்ச்சுல பிரச்சனை" என்பேன்.
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஒளிப்பதற்கென்ன,
நேரமில்லாத வாரம் பனிமூட்டம் போட்டுவிடுவேன்.
ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை,
இருபது நிமிஷ வேலை.
அந்தப் பனியைத்தான் எல்லோரும் மெச்சினார்கள்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இடத்தோளில் தொங்கிய பை
நாற்பத்திரண்டில் வலத்தோளுக்குப் போய்விட்டது.
பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.
புத்தகம் போடுகிறவர்களுக்கு அடுத்த பதிப்பு உண்டு,
எனக்கு அடுத்த வியாழன்தான்.
நாற்பத்து மூன்றில் செங்கோடன் தோள்வலி என்றான்.
அப்புறம் ஒரு தைலப் புட்டி வந்தது,
தேய்த்துவிட ஒரு மனைவி வந்தாள்,
அறுபதாம் பக்கம் அவள் போயும்விட்டாள்.

நாலு பேர் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள்.
ஐந்தாமவர் வேலை போய்விட்டது என்று நிறுத்தினார்,
நான் மன்னிப்புக் கேட்டேன், எதற்கென்று தெரியவில்லை.
இவர்கள் போக,
ஏதோ ஒரு மளிகைக்கடைக் கணக்கிலிருந்து
வெள்ளிக்கிழமை காலையில் இருபத்தேழு ரூபாய்.
இருபத்தைந்து இல்லை, முப்பது இல்லை.
கழித்தும் பெருக்கியும் பார்த்தாயிற்று.

போன ஞாயிறு
அந்த வளைவை ஒருதரம் பார்த்துவிடலாமென்று
பழைய பஸ் நிலையத்தில் ஏறினேன்.
பனியும் இல்லை கினியும் இல்லை, சுள்ளென்று வெயில்.
சில்வர் ஓக் மரங்களின் இடுக்கில் சேலம்
காயப்போட்ட ஜவ்வரிசி மாதிரி கிடந்தது.
கண்டக்டர் சின்னப் பையன், காதில் ஹெட்செட்.
பை தோளில் இல்லை. இடுப்பில்.
நூற்றுப் பதினேழு பக்கம் வரைந்தவன்
பை எங்கே தொங்குமென்று பார்த்ததில்லை.
"ஏற்காடு ஒண்ணு" என்றேன்.
மெஷின் கிர்ரென்று சீட்டைத் துப்பியது.
இருபத்தேழு ரூபாய்.

மீதிச் சில்லறை வாங்க மறந்து
சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் கதையில் டிக்கெட் இருபத்திரண்டு,
ஏதோ ஞாபகத்தில் போட்டது.
யாரோ வாராவாரம்
சரியான கட்டணம் கொடுத்து ஏறி
உட்கார்ந்திருக்கிறார்,
நகராத வண்டியில்.

முன் சீட்டில் குரங்குக்குல்லாய் போட்ட ஒருவர்,
எஸ்டேட் வாட்ச்மேனாக இருக்கலாம்,
ஃபோனைக் கண்ணருகே வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.
எட்டிப் பார்த்தால் என் செங்கோடன்.
மூன்று மணிநேரம் பிடித்த கட்டம்
கட்டைவிரலின் ஒரு தள்ளலில் போயிற்று.
அடுத்ததும் போயிற்று.
பிறகு விரல் நின்றது, மேலே திரும்பியது.
காலி சீட்டில் ஒரு தட்டுவடை செட் காகிதம்,
எண்ணெய்க் கறையோடு.
இடம் மிச்சமிருந்ததால் போட்டது.
இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி
வெகுநேரம் பார்த்தார்.
அவர் தோளைத் தொட நீட்டிய கையை
கம்பியைப் பிடிக்க நீட்டியதாக மாற்றிக்கொண்டேன்.

வளைவு வந்தது, சிக்னல் போனது.
அடுத்த பக்கம் பாதியில் நின்றுவிட்டது.
மேலே செங்கோடனின் நெற்றி,
கீழே சாம்பல், அதில் சுற்றுகிற வட்டம்.
அவர் ஃபோனை மடியில் கவிழ்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பினார்.
மஞ்சள் பலகையில் பதினொன்று.
டிரைவர் முதல் கியருக்கு மாற்றினார்,
வண்டி அடிவயிற்றிலிருந்து முனகியது.
"ஏறிடும்" என்றார்,
யாரையும் பார்க்காமல்.