சுட்டுவிரல்

துங்காபியில் ஒரு கார்த்திகைச் சனிக்கிழமை.
எட்டு மணிக்கு மழை விட்டது.
பதினொன்றுக்கு விருந்தாட்கள்.
அதற்குள் பின்வளவுப் புல்லை ஒரு பாட்டம் வெட்டிவிடலாமென்று
ரப்பர் செருப்போடு இறங்கினேன்.

புல்வெட்டியின் மூடியில் ஒரு படம் உண்டு:
விரல்கள் பறக்கும் கை,
அதன் மேல் சிவப்புக் கோடு.
பன்னிரண்டு வருசம் அந்தப் படத்தை
ஈரத்துணியால் துடைத்து வைத்தவன் நான்.

வேலியோரம் ஈரப்புல் அடைத்துக்கொண்டது.
பிடியை விட்டேன். சத்தம் நின்றது.
சத்தம் நின்றால் எல்லாம் நின்றது என்று
யார் சொன்னது எனக்கு?
தகடு இன்னும் மூன்று மூச்சு சுற்றும்.
இரண்டாவது மூச்சில் கையை விட்டேன்.

வலிக்கவில்லை.
பந்தியில் இரண்டாவது வடைக்கு நீண்ட கையை
யாரோ தட்டிவிட்டது போலத்தான் இருந்தது.

ட்ராகோ வேலியால் ஏறி விழுந்து வந்தான், எழுபது வயதில்.
துவாயை இறுக்கிக் கட்டினான்.
கையைத் தலைக்கு மேல் தூக்கு என்றான், சரணடைபவன் மாதிரி.
பிறகு முழங்காலில் நின்று
புல்லுப் பையைக் கவிழ்த்துக் கிளறினான்,
பக்கத்தில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு.
அவன் கண்டெடுத்ததை வெஸ்ட்மீட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்த டொக்டர்
தைக்க இதில் ஒன்றுமில்லை என்றாள்.

வீடு வரும்வரை சுபோதினி பேசவில்லை.
அவள் கோபமும்
நிறுத்திய பிறகு சுற்றுகிற வகை.

*

தையில் ஹோம்புஷ்ஷில் ஒரு கல்யாணம்.
சாம்பார் வாளிக்காரனை மறிக்க நீட்டிய என் கையை
பக்கத்து இலைக்காரர் பார்த்தார்.
குரலைத் தாழ்த்தி,
"கடைசி நேரமோ?" என்றார்.
இடத்தின் பெயரைச் சொல்லவில்லை.
அங்கே இருந்தவர்கள் அதிகம் சொல்வதில்லை.

இல்லை, அண்ணை, புல்லு வெட்டேக்க.
நாலே நாலு சொல்.
நான் எண்பத்தொன்பதில் வந்தவன்,
கணக்காளர் விசாவில், ஜன்னலோரம்,
சைவச் சாப்பாடு கேட்டு வாங்கி.
ஷெல் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

வாயில் சோறு இருந்தது.
மென்று முடிப்பதற்குள் அவர்
வேட்டியை விலக்கி,
கால் எங்கே முடிந்து
பிளாஸ்டிக் எங்கே தொடங்குகிறது என்று
காட்டிவிட்டார்.

பாயசம் வந்தது.
"இவருக்கு முதல் ஊத்து தம்பி."

குடித்தேன்.

*

இப்போது பூட்ஸ் இல்லாமல் படியிறங்குவதில்லை.
உரப்பையைப் பிரிக்கும்போது மூக்கை மூடிக்கொள்கிறேன்.
புல்வாரியின் பல் எப்போதும் மண்ணைப் பார்த்தபடி.
ட்ராகோ ஏணியில் கால் வைத்தால் ஓடிப்போய்ப் பிடிக்கிறேன்,
அவன் குரோஷிய மொழியில் திட்டத் திட்ட.

கையுறையைத் தட்டாமல் மாட்டுவதுமில்லை.
ஒருநாள் அந்தச் சுட்டுவிரல் உறையின் நுனியில்
ரெட்பேக் சிலந்தியொன்று குடியிருந்தது.
என் விரல் அதைத் தொடவில்லை.
எட்டவில்லை.
சிரிப்பதா என்று தெரியாமல்
கொட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

புல்வெட்டியின் பிடியை விட்டதும்
பத்து வரை எண்ணுகிறேன், விரல் மடித்து.
பிறகுதான் பிளக் வயரைக் கழற்றுவது,
பிறகுதான் குனிவது, அதுவும் ஒரு தடியோடு.
சுட்டுவிரலில் மட்டும்
மடிக்கச் சரியாக ஒன்றும் அகப்படாமல்
எண்ணிக்கை சற்றுத் தடுக்கும்.

அங்கேதான் ஒவ்வொரு கிழமையும் நினைப்பேன்,
பெண் வீட்டாரிடம் அவருடைய நம்பரைக் கேட்க வேண்டும்.

தகடு எப்போதோ நின்றிருக்கும்.
ஆனாலும் இன்னொரு தரம்
முதலிலிருந்து எண்ணுகிறேன்.